கிளட்ச்சை வீட்டிலேயே மாத்தினா காசு மிச்சமா? சோழவந்தான் தகரக் கொட்டகையில் போட்ட கணக்கு

தேதி 24, மாசக் கடைசி. அக்கவுண்ட்ல மிச்சம் 3,100 ரூபாய். அந்த நேரம் பார்த்து மேலக்கால் ரோட்டுல என் கார் இழுக்க மாட்டேன்னு நின்னுச்சு. நிக்கலை, ஊர்ந்துச்சுன்னு சொல்லணும். ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்ஜின் கத்துது, ஸ்பீடு மட்டும் ஏறலை. பின்னாடி வந்த மினி பஸ்காரர் ஹாரன் அடிச்சே என்னை ஓரம் கட்டிட்டார். ஜன்னல் வழியா கருகின வாடை வேற.

கார் ஓட்டுறவங்க பாதிப் பேருக்கு இந்த வாடை தெரிஞ்சிருக்கும். கிளட்ச் பிளேட் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்.

சோழவந்தான்ல இருந்து மதுரைக்கு தினமும் போய்ட்டு வர்றவன் நான். வைகைப் பாலத்தைத் தாண்டி, தென்கரை, மேலக்கால், கோச்சடை வழியா காளவாசல். கோச்சடை வரைக்கும் பிரச்சினையே இல்லை, தோப்பும் வயலுமா ரோடு போகும். அதுக்கப்புறம் காளவாசல் வரைக்கும் ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியர், திரும்ப ஃபர்ஸ்ட் கியர்தான். கிளட்ச் எங்க தேஞ்சிருக்கும்னு உங்களுக்கே புரியும்.

ஆபீஸ் பக்கத்துல இருந்த ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். எஸ்டிமேட் 14,800 ரூபாய். "கிரெடிட் கார்டு இருக்குல்ல சார், இஎம்ஐ போட்டுக்கலாம்"னு கவுண்டர்ல இருந்தவர் ரொம்ப சாதாரணமா சொன்னார். ஊருக்கு வந்து நம்ம லோக்கல் மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டேன். பார்ட்ஸ் எல்லாம் சேர்த்து 6,700, கூலி 3,500, மொத்தம் 10,200 ஆகும்னார். அன்னைக்கு ராத்திரி யூடியூப்ல நாலு வீடியோ பார்த்தேன். கூலி 3,500 தானே, அதை நாமளே மிச்சம் பண்ணிட்டா என்னன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. இந்தக் கட்டுரை அந்த நெனப்புக்கு என்ன ஆச்சுங்கிற கணக்குதான்.

முதல்ல, கியர்பாக்ஸை இறக்குறதுக்கு முன்னாடி

கிளட்ச்ல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாதான் யாரும் உங்களை ஏமாத்த முடியாது. இன்ஜின் பக்கம் ஃப்ளைவீல்னு ஒரு கனமான இரும்புச் சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவுல கிளட்ச் பிளேட் சாண்ட்விச் மாதிரி மாட்டியிருக்கும். பெடலை மிதிக்காதப்ப பிரஷர் பிளேட்டோட ஸ்பிரிங் அதை ஃப்ளைவீல் மேல அழுத்திப் பிடிச்சிருக்கும், இன்ஜின் சக்தி கியர்பாக்ஸுக்குப் போகும். மிதிச்சா ரிலீஸ் பேரிங் போய் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளும், பிடி விடும். பாதி மிதிச்சு வச்சிருந்தா பிடிச்சும் பிடிக்காமலும் உரசிக்கிட்டே இருக்கும். அந்த உரசல்லதான் சூடு, வாடை, தேய்மானம் எல்லாம்.

பிளேட் உண்மையிலேயே போயிடுச்சான்னு பார்க்க, ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டுல 40 கிலோமீட்டர் வேகத்துல நாலாவது கியர் போட்டு ஆக்சிலேட்டரை நல்லா மிதிங்க. இன்ஜின் சத்தம் சட்டுன்னு ஏறி, வண்டி வேகம் ஏறலைன்னா ஸ்லிப் ஆகுது. ஆனா அவசரப்படாதீங்க. கேபிள் கிளட்ச் வண்டியில, பெடலோட மேல் பக்கம் கொஞ்சம் லூசா ஆடணும். அதை ஃப்ரீ பிளேன்னு சொல்வாங்க. கேபிள் ரொம்ப டைட்டா இருந்து அந்த ஆட்டமே இல்லைன்னா, பிளேட் நல்லா இருந்தாலும் ஸ்லிப் ஆகும். அதை அட்ஜஸ்ட் பண்ண பத்து நிமிஷம் போதும். பெடலை மிதிக்கிறப்ப மட்டும் ஊளையிடுற மாதிரி சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங் பக்கம் சந்தேகம் போகணும். பெடல் கல்லு மாதிரி கனத்தா முதல்ல கேபிளைப் பாருங்க. இதெல்லாம் பார்க்காம நேரா "கிளட்ச் செட்டே மாத்தணும்"னு சொல்ற இடத்துல, ஏன்னு ஒரு கேள்வி கேளுங்க.

எனக்கு ஃப்ரீ பிளே சரியாத்தான் இருந்துச்சு. பிளேட்தான் போயிருந்துச்சு.

இன்சூரன்ஸ்ல வருமான்னு பார்த்தேன், நீங்களும் பார்ப்பீங்க. வராது. தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் சாதாரண கார் பாலிசியில சேராது. ஸீரோ டெப் எடுத்திருந்தாலும் அதே கதைதான். விபத்துல உடைஞ்ச பார்ட்டுக்கு தேய்மானம் கழிக்காம பணம் தர்றதுதான் ஸீரோ டெப், ஓட்டி ஓட்டித் தேஞ்ச பார்ட்டுக்கு அது பொருந்தாது.

3,100 ரூபாயை வச்சுக்கிட்டு எதுவும் பண்ண முடியாது. அதனால முதல் வேலையா வண்டியைக் கொட்டகையில நிறுத்திட்டு, சம்பளம் வர்ற வரைக்கும் ரயில்லயும் பஸ்லயும் போனேன். சோழவந்தான் ஸ்டேஷன் இருக்கிறவனுக்கு அது ஒரு வசதி. இந்த மொத்தக் கதையிலயும் நான் எடுத்த நல்ல முடிவு அதுதான்னு இப்பத் தோணுது. அன்னைக்கே 14,800-ஐ கார்டுல தேய்ச்சு, கட்ட முடியாம சுத்த விட்டிருந்தா, மாசம் 3.5 சதவீதம்னு வச்சாலும் முதல் மாச வட்டி 518 ரூபாய். அந்த வட்டிக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி, இன்னொரு 93. மொத்தம் 611. இந்த 611-ஐ ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

பார்ட்ஸ் வாங்கின கதை

கிளட்ச் செட்னு கேட்டா பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் சேர்த்துக் கொடுப்பாங்க. பிளேட்டை மட்டும் மாத்தி ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. கியர்பாக்ஸை இறக்குறதுதான் பெரிய வேலை. ஆறு மாசம் கழிச்சு பேரிங் போச்சுன்னா திரும்ப அதே கூலி.

என் செட் 5,400 ரூபாய். பில் போட்டு வாங்கினேன். 2025 செப்டம்பர் 22-ல இருந்து கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. அதே செட்டுக்குப் பழைய வரியா இருந்தா கிட்டத்தட்ட 5,850 ஆகியிருக்கும். பில் கேட்டாதான் எந்த வரி போட்டாங்கன்னு தெரியும், டூப்ளிகேட்டா இருந்தாலும் திருப்பிக் கேக்க ஒரு காகிதம் கையில இருக்கும். கிளட்ச் ஒண்ணும் எங்கேயோ வெளிநாட்டுல இருந்து வர்ற சமாச்சாரம் இல்லை. லூக் கம்பெனிக்கு ஓசூர்ல ஃபேக்டரி இருக்கு. 1911-ல டி.வி. சுந்தரம் ஐயங்கார் டி.வி.எஸ்-ஸை ஆரம்பிச்ச ஊர் மதுரை. இங்க பார்ட்ஸுக்குப் பஞ்சமே இல்லை. பார்ட் நம்பரை எழுதி எடுத்துக்கிட்டுப் போய் ரெண்டு கடையில கேளுங்க, போதும்.

கூடவே கியர் ஆயில் 700, டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் ரெண்டு 360, ஹப் நட் ரெண்டு 240. ஹப் நட்டைத் திரும்பப் போடக் கூடாது, புதுசுதான் போடணும். ஆக 6,700.

சனிக்கிழமை

இடம் எங்க சித்தப்பா வீட்டுக் கொட்டகை. அவர் வெற்றிலைக் கொடிக்கால் வச்சிருக்கார். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின அதே சோழவந்தான் வெற்றிலைதான். "ஏப்பா, நாங்க கொடி இறக்குவோம், நீ என்னமோ கியர்பாக்ஸ் இறக்கப்போறேங்குற"ன்னு சிரிச்சார். துணைக்கு அவர் மகன், காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிற தம்பி.

வீல் தரையில இருக்கிறப்பவே ஹப் நட்டை லூஸ் பண்ணிட்டோம். வண்டியைத் தூக்கினப்புறம் அந்த நட்டோட மல்லுக்கட்டினா வண்டியே ஆடும். அப்புறம் வண்டியோட வந்த ஜாக்கியைப் போட்டுத் தூக்கினோம். கீழ முட்டுக் கொடுக்க ஹாலோ பிளாக் கல் எடுத்து வச்சிருந்தேன். வீல் ரெண்டையும் கழட்டி, ஒண்ணை ஒரு பழக்கத்துக்காக வண்டி அடியில படுக்கப் போட்டோம்.

பதினோரு மணி இருக்கும். கொட்டகைத் தரை பாதி சிமெண்ட், பாதி மண். நான் கவனிக்கலை. ஜாக்கியோட ஒரு ஓரம் மண்ணுல மெதுவா அழுந்தியிருக்கு. தம்பி அடியில கையை விட்டு பால் ஜாயிண்ட் போல்ட்டைத் துழாவிட்டு, "அண்ணே, 17 ஸ்பேனர் எங்க"ன்னு எந்திரிச்சு நாலடி நடந்திருப்பான். ஜாக்கி சரிஞ்சு, வண்டி டமார்னு இறங்குச்சு. ஹாலோ பிளாக் அப்பளம் மாதிரி நொறுங்குச்சு. அடியில போட்டிருந்த வீல் மேல உட்கார்ந்து வண்டி நின்னுச்சு.

யாருக்கும் ஒண்ணும் ஆகலை. தம்பி கையில ஸ்பேனரோட நின்னான், பேச்சே இல்லை. சித்தி உள்ள இருந்து ஓடி வந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கலை. 3,500 ரூபாய்க்காக நான் அவன் கையைப் பணயம் வச்சிருக்கேன், அதுவும் அவன்கிட்ட கேக்காமலேயே.

அத்தோட வேலையை நிறுத்திட்டு மதுரைக்குப் போய் ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்கினேன், 1,900 ரூபாய். டார்க் ரெஞ்ச் 2,400. ஹப் நட்டுக்கு ஏத்த பெரிய சாக்கெட் 350. ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும்தான், தாங்குறதுக்கு ஸ்டாண்ட்தான். அதுவும் சமமான சிமெண்ட் தரையில, பின் வீலுக்குக் கட்டை போட்டு. ஹாலோ பிளாக், செங்கல், அடுக்கின பலகை எதுவும் வேண்டாம். இந்த ஒரு பத்திக்காகத்தான் நான் இந்தக் கட்டுரையையே எழுதுறேன்னு வச்சுக்கங்களேன்.

ஞாயித்துக்கிழமை

பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, பேட்டரியையும் ஏர் ஃபில்டர் பாக்ஸையும் வெளிய எடுத்தோம். கிளட்ச் கேபிள், கியர் கேபிள், ரிவர்ஸ் சுவிட்ச் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் கழட்டணும். ஒவ்வொண்ணையும் கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க. போல்ட்டெல்லாம் ஒரே டப்பாவுல போட்டா சாயங்காலம் அழுவீங்க. நாங்க சித்தியோட அஞ்சறைப் பெட்டியைத் திருடி அதுல போட்டு வச்சோம், அதுக்கு வாங்கின திட்டு தனி.

கியர் ஆயிலை வடிச்சு, டிரைவ் ஷாஃப்ட் ரெண்டையும் உருவினோம். முன்வீல் டிரைவ் வண்டிகள்ல ஒரு பக்கத்து மவுண்டிங்கைக் கழட்டணும், அதுக்கு முன்னாடி இன்ஜினைத் தாங்க ஏதாவது வேணும். பானெட்டுக்குள்ள குறுக்கே ஒரு பனங்கட்டையைப் போட்டு, செயின் கட்டித் தொங்கவிட்டோம். கியர்பாக்ஸ் முப்பது கிலோவுக்கு மேல இருக்கும். நெஞ்சுல வாங்கிக்கலாம்னு நினைக்காதீங்க. பலகை போட்ட இன்னொரு ஜாக்கி மேல உட்கார வச்சு, நேரா பின்னாடி இழுத்து இறக்கணும்.

உள்ள பார்த்தா பழைய பிளேட் ரிவிட் தெரியுற அளவுக்குத் தேஞ்சிருந்துச்சு. ஃப்ளைவீல்ல அங்கங்க நீலப் பூ பூத்த மாதிரி சூட்டுத் தழும்பு. ஆழமான கோடு இல்லாததால தப்பிச்சேன். கோடு விழுந்திருந்தா அதுக்கு லேத்துக்குப் போகணும், தனிச் செலவு. இன்ஜின் பக்கத்து ஆயில் சீல் ஒழுகுதான்னும் அப்பவே பார்த்துடணும். உள்ள இருக்கிற கருப்புத் தூசியை காத்தடிச்சு ஊதாதீங்க. பழைய பிளேட்கள்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால துடைங்க, மாஸ்க் போட்டுக்கங்க.

புது பிளேட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. ஃப்ளைவீல் பக்கம் எதுன்னு மார்க் இருக்கும், மாத்திப் போட்டா எல்லாத்தையும் திரும்பக் கழட்டணும். பிரஷர் பிளேட் போல்ட்டை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா டைட் வைக்கணும். ஸ்ப்லைன்ல கிரீஸ் லேசா ஒரு பூச்சு, அவ்வளவுதான். அதிகமானா தெறிச்சு புது பிளேட்டையே கெடுத்துடும்.

பிளேட்டை நடு சென்டர்ல நிறுத்த ஒரு அலைன்மெண்ட் டூல் வேணும். நான் கண் அளவுல வச்சேன். அங்கதான் மாட்டினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு கியர்பாக்ஸைத் திரும்ப ஏத்துறோம், ஒரு இன்ச் இடைவெளி விட்டு நிக்குது. தள்ளுறோம், ஆட்டுறோம், போக மாட்டேங்குது. போல்ட்டைப் போட்டு டைட் வச்சா இழுத்துக்கும்னு எனக்கு ஆசை. நல்லவேளை, அதுக்கு முன்னாடி மெக்கானிக் அண்ணனுக்கு போன் பண்ணினேன். "தம்பி, போல்ட்டை வச்சு இழுத்துறாத. ஹவுசிங் விரிசல் விட்டுச்சுன்னா கிளட்ச் செலவு மாதிரி மூணு மடங்கு ஆகும். அப்படியே விடு, காலையில வர்றேன்"னார்.

திங்கக்கிழமை ஒரு சிஎல் போச்சு. அண்ணன் வந்து, பிரஷர் பிளேட்டை லூஸ் பண்ணி, ஒரு பழைய ஷாஃப்டை விட்டு பிளேட்டை சென்டர் பண்ணினார். கியர்பாக்ஸ் வெண்ணெய் மாதிரி உட்கார்ந்துச்சு. மொத்தம் அரை மணி நேரம். வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டு 500 ரூபாய் வாங்கிக்கிட்டார். மூணு மணிக்கு வண்டி கிளம்புச்சு.

கணக்கு

பார்ட்ஸ் 6,700. டூல்ஸ் 4,650. அண்ணனுக்கு 500. மொத்தம் 11,850 ரூபாய். அவர்கிட்டயே முதல்ல விட்டிருந்தா 10,200. ஆக, 3,500 மிச்சம் பண்ணக் கிளம்பின நான் 1,650 ரூபாய் அதிகமா செலவு பண்ணியிருக்கேன், ஒரு லீவும் போச்சு. பெரிய ஒர்க்‌ஷாப்போட எஸ்டிமேட்டை வச்சுப் பார்த்தா 2,950 மிச்சம்னு சொல்லிக்கலாம். வீடியோ தம்ப்நெயில்ல அப்படித்தான் போடுவாங்க. ஆனா அது நேர்மையான ஒப்பீடு இல்லை, ஏன்னா என் கையில இருந்த அடுத்த வழி 10,200-தான்.

டூல்ஸ் கையில நிக்குதே, அடுத்த தடவை லாபம்தானேன்னு கேப்பீங்க. கிளட்ச்சை நான் அடுத்து எப்ப மாத்துவேன்? நாலஞ்சு வருஷம் கழிச்சு. அதுக்குள்ள இந்த வண்டியே என்கிட்ட இருக்குமோ என்னவோ. ஆயில் மாத்துறது, ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி இதெல்லாம் வீட்டுல செய்யுங்க. திரும்பத் திரும்ப வர்ற வேலை, கியர்பாக்ஸ் இறக்க வேண்டியதில்லை. கிளட்ச்சுக்கு என் யோசனை வேற: பார்ட்ஸை நீங்களே பில்லோட வாங்கிக் கொடுங்க, கூலியை முதல்லயே பேசிக்கங்க, பழைய பிளேட்டைக் கையில வாங்கிப் பாருங்க, முடிஞ்சா பக்கத்துல நில்லுங்க. எங்க ஊர்ல அதுக்கு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

உண்மையான நஷ்டம் வேற இடத்துல நடந்திருக்கு. இந்த வண்டியை செகண்ட் ஹேண்ட்ல 2,10,000-க்கு வாங்கினேன். ஓட்டிப் பார்த்தப்ப பெடல் கிட்டத்தட்ட முழுசா மேல வந்தப்புறம்தான் வண்டி நகர்ந்துச்சு. பிளேட் தேஞ்சதுக்கு அது ஒரு அடையாளம்னு அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தா 10,000 குறைச்சுக் கேட்டிருப்பேன், கொடுத்திருக்கவும் செய்வாங்க.

மீதியை நானே தேய்ச்சிருக்கேன். சிக்னல்ல நியூட்ரல் போடாம கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே நிப்பேன். ஓடுறப்ப இடது கால் பெடல் மேலயே இருக்கும். பாலம் ஏறுறப்ப ஹேண்ட்பிரேக் போடாம அரை கிளட்ச்லயே வண்டியை நிறுத்தி வைப்பேன். ஒரே மாடல் கார்ல 30,000 கிலோமீட்டர்ல மாத்தினவங்களும் இருக்காங்க, லட்சம் தாண்டினவங்களும் இருக்காங்க. வித்தியாசம் பெரும்பாலும் இடது கால்தான். ஏஎம்டி வாங்கிட்டா இந்தச் செலவே இல்லைன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். 2014-ல செலேரியோ மூலமா நம்ம ஊர்ல பரவலான ஏஎம்டி-யிலயும் உள்ள இருக்கிறது இதே மாதிரி கிளட்ச் பிளேட்தான். மிதிக்கிறது மட்டும் உங்க கால் இல்லை, ஒரு ஆக்சுவேட்டர்.

இதை எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து எடுக்கலாமான்னு கேட்டா, எனக்கு மனசு ஒப்பலை. வேலை போறது, ஆஸ்பத்திரிச் செலவு இதெல்லாம் எமர்ஜென்சி. கிளட்ச் தேயும்னு வண்டி வாங்கின அன்னைக்கே தெரியும், தேதிதான் தெரியாது. அதுக்கு நான் தனியா ஒரு ஆர்டி போட்டிருக்கேன். பேர் தேய்மான உண்டியல். நாலு வருஷத்துக்கு டயர் நாலும் 14,000, பேட்டரி 4,500, கிளட்ச் 10,200. மொத்தம் 28,700. அதை 48 மாசத்தால வகுத்தா 598 வருது, 600-ன்னு வச்சுக்கிட்டேன். மேல சொன்ன கார்டு வட்டி 611 ஞாபகம் இருக்கா? அது வெறும் ஒரு மாச வட்டி, அசல் அப்படியே நிக்கும்.

சித்தப்பாகிட்ட இதைச் சொன்னேன். "இதுல என்னப்பா இருக்கு, கொடிக்கால்ல முதல்ல அகத்தியைப் போட்டு வளர்த்துட்டுத்தானே அப்புறம் கொடியை நடுறோம்"னார். அவருக்கு ஆர்டி எல்லாம் புதுசு இல்லை போல.

போன வாரம் அவரே போன் பண்ணினார். டிராக்டர் கிளட்ச் ஸ்லிப் ஆகுதாம். "அந்த ஸ்டாண்டை எடுத்துக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை வர்றியாப்பா?"

மெக்கானிக் அண்ணன் நம்பரை அனுப்பி வச்சேன். ஸ்டாண்டையும் கொடுத்துவிட்டேன்.